ஏலத்துக்கு மேலே ஒரு கை

இருபது பணத்துக்குத் தட்டு தன் பெயரில் விழுந்ததும் கோதண்டம் தோளில் கிடந்த துண்டை எடுத்து மேசை முன்னால் விரித்துப் பிடித்தான்.

"எதுக்கப்பா துண்டு?" என்றார் கணக்கர் திருவேங்கடம்.

"மேலே ஒரு கை போடுவீங்கல்ல, சாமி."

அவன் ஊரான தோணிரேவு மீன் ஏலத்தில் அதுதான் வழக்கம். கூடை இறாலை ஏலம் எடுத்தவனுக்கு, மனசு குளிரட்டும் என்று மேலே ஒரு கை அள்ளிப் போடுவார்கள். ஒல்லாந்தர் கோட்டையில் இவ்வளவு பெரிய ஏலம் நடக்கிறதே, ஒரு கிண்ணமாவது மேலே விழும் என்று கோதண்டம் நம்பி வந்திருந்தான்.

"இங்கே மேலே போடுவது நாங்கள் இல்லை, நீதான். பத்துக்கு ஒன்று ஏலம் விட்டவர் பங்கு. இரண்டு பணம் எடு."

கோதண்டம் தட்டுக்கு ஆசைப்பட்டவன் அல்ல. அவன் வீட்டில் சோறு தின்ன மண்சட்டியே போதும். போன ஐப்பசியில் அவன் மனைவி முனியம்மாவுக்கு முள் குத்திக் கால் அழுகியது. வைத்தியர் கைவிட்ட காலுக்கு, கோட்டைக்குள்ளிருந்து ஒல்லாந்துக்கார மார்கரெட் அம்மா இருபது நாள் தினமும் நடந்து வந்து மருந்து கட்டினாள். இப்போது அவள் புருஷன் இறந்துபோக, அவன் கும்பினிக்கு வைத்த கடனுக்காக வீட்டுச் சாமான் எல்லாம் ஏலத்துக்கு வந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் இருக்கும் தங்கையிடம் போகலாம் என்றால் கப்பல் கூலிக்கு ஆறு பணம் குறைகிறது. கோதண்டம் கொடுத்துப் பார்த்தான். "மருந்துக்குக் காசு வாங்கியதுபோல் ஆகிவிடும்" என்று அவள் கையை மடக்கிவிட்டாள்.

அவளுடைய சமையல்காரி ரங்கம்மாள்தான் ஒரு சேதி சொன்னாள். சாமான்களுக்குச் சீட்டு ஒட்டிய அன்று, கப்பல் படம் போட்ட அந்த நீலத் தட்டின் முன்னால் நின்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். அன்றே கோதண்டம் முடிவு செய்துவிட்டான். சாயங்காலம் கப்பல் கிளம்புவதற்குள் அந்தத் தட்டை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

மடியில் இருந்தது இருபத்தொரு பணம்.

"எடுத்தவன் கையிலயே பங்கு கேக்கறீங்களே, இன்னா சாமி நியாயம் இது?" என்று அவன் கத்தியது கோட்டைக்கு வெளியே ஏரியின் அக்கரைக்கே கேட்டிருக்கும்.

திருவேங்கடம் நிதானமாக எழுதினார். "ஏலக் களத்தில் சத்தம் போட்டதற்கு அபராதம் ஒரு பணம். அது கோயில் பெட்டிக்கு."

மேசை ஓரத்தில் கோட்டைத் தேவாலயத்தின் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி ஒன்று இருந்தது.

"அப்ப எனக்குத் தட்டே வேணாம், நீயே வச்சுக்க."

"எடுத்த பொருளைத் திருப்புகிறேன் என்று சொன்னதற்கு இரண்டு பணம். அதுவும் பெட்டிக்கு."

"சொன்னதுக்கேவா? சரி, திருப்பல."

"நல்லது. தட்டு உன்னுடையது. ஆனால் சொன்னது சொன்னதுதான்."

இனி வாயை நம்பக்கூடாது, எழுத்தை நம்புவோம் என்று தோன்றியது கோதண்டத்துக்கு. "எதெதுக்கு எவ்ளோன்னு எழுதிக் குடுங்க" என்றான். அதற்கு முத்திரைக் காகிதம் ஒரு பணம் ஆயிற்று.

"அந்தப் பெட்டிக் காசு யாருக்குப் போவுது, சாமி?" என்று கேட்க வாயெடுத்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். "கேட்டா அதுக்கும் காசா?"

"கேள்விக்கு இல்லை. பதிலுக்கு உண்டு."

கோதண்டம் கேட்கவில்லை. கணக்கு இருபத்தாறில் நின்றது. ஐந்து பணம் குறைகிறது.

கோட்டை வாசலில் முனியம்மா நண்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். ஐந்து பணத்துக்குக் குறையாத நண்டு. காசுக்குப் பதில் நண்டாகக் கட்டிவிடலாம் என்ற யோசனை கோதண்டத்துக்கு உதித்தது. அதற்கு முன்னால் உதித்த யோசனைகளைப் போலவே இதுவும் அப்போது நன்றாகத்தான் இருந்தது. கூடையைத் தூக்கி மேசைமேல் வைத்தான். வாய்க்கட்டு அவிழ்ந்தது. ஏலம் விட்ட ஒல்லாந்து துரை வெள்ளைக் காலுறை போட்டிருந்தார். நண்டுக்கு அது பிடித்துப்போயிற்று.

துரை மேசைமேல் ஏறி நின்று சொன்னதைத் திருவேங்கடம் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். "பாதி கெட்ட வார்த்தை. மீதி மூன்று பணம் அபராதம். பெட்டிக்கு."

நண்டுகள் நாலாபக்கமும் ஓடிப்போயின. இப்போது எட்டு பணம் குறைந்தது. கோதண்டம் வாசலுக்கு வந்து முனியம்மா பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். கோட்டை வாசலைப் பார்த்து அழுகைதான் வந்தது அவனுக்கு.

முனியம்மா காலில் கிடந்த வெள்ளித் தண்டையைக் கழற்றினாள்.

"இன்னாமே பண்ற? உங்க நைனா போட்டது அது."

"அந்தம்மா இல்லன்னா காலே இல்ல, தண்டைய எங்க மாட்டிக்கிறது? போய்யா."

தட்டான் ஒன்பது பணம் கொடுத்தான். எட்டைக் கட்டித் தட்டை வாங்கி வெளியே வந்தால், வாசல் காவல்காரன் கையை நீட்டினான். கோட்டையைத் தாண்டும் பொருளுக்குச் சுங்கம் ஒரு பணம். மிச்சம் இருந்த ஒன்றும் போயிற்று. கோதண்டம் சிரித்துக்கொண்டே கொடுத்தான். சிரிப்புக்கு வரி உண்டா என்று மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

சாயங்காலம் முனியம்மாவையும் கூட்டிக்கொண்டு அவன் துறைக்கு வந்தபோது, கப்பலுக்குப் போகும் படகு தயாராக நின்றது. மார்கரெட் அம்மா ஒரு மரப்பெட்டியோடு ஏறி உட்கார்ந்திருந்தாள். கூலிக்குக் குறைந்தது எப்படியோ கிடைத்திருக்கிறது. கோதண்டத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் ஓடிப்போய்த் தட்டை இரண்டு கையாலும் நீட்டினான்.

அவள் தட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கண் கலங்கியது, உதடு சிரித்தது.

"கோதண்டம், உன் மனசை நான் எடுத்துக்கொண்டேன். தட்டை முனியம்மாவிடம் கொடு. அவள் அதில் சோறு சாப்பிட வேண்டும். ஆறு பணம் கடவுள் அனுப்பினார், நான் போய் வருகிறேன்."

படகு நகர்ந்தது. கோதண்டம் தட்டும் கையுமாகத் தண்ணீரில் நின்றான். கரையில் ரங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னா ரங்கம்மா, வாங்கிக்கலையே?"

"எப்டிண்ணா வாங்குவாங்க? அது அவங்க மாமியா குடுத்த தட்டு. அத்தப் பாத்தாலே அம்மாவுக்கு ஆவாது. சீட்டு ஒட்டின அன்னிக்கு, ஒழிஞ்சுதுன்னு சந்தோஷத்துல கண்ணு தண்ணி வந்துடுச்சு. எனக்கே இப்பதான் சொன்னாங்க."

கோதண்டம் தட்டில் ஓடிய நீலக் கப்பலைப் பார்த்தான். "இருபத்தொரு பணம், ஒரு கூடை நண்டு, இவ தண்டை. அத்தனையும் வீணா?"

"வீணா? ஏலக்காசெல்லாம் கும்பினி கடனுக்கு எடுத்துக்கிச்சு, செத்தவரு பொண்டாட்டிக்குனு வழக்கமா குடுக்கிறது அந்தக் கோயில் பெட்டி ஒண்ணுதாண்ணா. அத்தத் தொறந்தா உள்ள இருந்த ஆறு பணமும் உன் வாயும் உன் நண்டும் போட்டது."