முறுக்குக் குழல் மீட்சிப் படலம்

வாழ்க வேதசிரோமணி! தண்ணீர் லாரிகள் போர்ச்சங்கென முழங்கிச் செல்லும் ராஜகீழ்ப்பாக்கத்து அடுக்ககத்தின் மூன்றாம் மாடி முழுதாண்ட கோமான். வெற்றிடத்தில் ஒலி பரவாதென்று ஒன்பதாம் வகுப்புக்கு ஓயாது முழக்கிய இயற்பியல் ஆசான். பழைய விண்வெளிப் படங்களில் உறுமிக்கொண்டே பறந்த சாம்பல்வண்ணக் கப்பலொன்றிடம் பத்து வயதில் பறிகொடுத்த நெஞ்சை ஐம்பதிலும் திரும்பப் பெறாத மாவீரன். அவன் புகழ் தாம்பரம் முதல் மேடவாக்கம் வரை தடையின்றிச் செல்க. நெரிசல் இருந்தால் சற்றுத் தாமதமாகச் செல்க.

அக்கப்பலைக் கண்டகண்ட சாமான்களைப் பிய்த்து ஒட்டித்தான் கலைஞர்கள் சமைத்தனர் என்று கேள்வியுற்று, தானும் அதன் உருவொன்று சமைக்கப் புகுந்த நாள்முதல் அவன் இல்லத்தில் எப்பொருளுக்கும் பாதுகாப்பில்லாது போயிற்று. ஷாம்பு மூடிகள் பீரங்கிகளாயின. செத்துப்போன ரிமோட் மேல்தளமாயிற்று. மகள் எப்சியின் டிபன் பாக்ஸ் மூடிகள் இரு சிறகுகளாய் விரிந்தன. எஞ்சின் ஒன்றே குறை. தீச்சுடர் கக்கும் வட்டவாயும் அதில் நட்சத்திரத் துளைகளும் வேண்டுமென்று ஏங்கிக் கிடந்தவன் கண்ணில், டிசம்பர் மாதத்து நன்னாளொன்றில், பரணிலிருந்து இறக்கிக் கழுவி வைத்த பித்தளை முறுக்குக் குழல் பட்டது. நொடியில் பற்றி யுகமெல்லாம் விடாத பசையால் அதைக் கப்பலின் வயிற்றுக்குள் வால்வரை பொருத்தி மெய்சிலிர்த்தான் வீரன். பரணிலிருந்து அது ஏன் இறங்கியது என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை.

மறுநாள், கேரல் பாடுவோர் வரவிருந்த மாலையில், அரிசிமாவும் உளுந்துமாவும் வெண்ணெயும் பிசைந்து, அடுப்பில் எண்ணெய் காய, முந்தானையை வரிந்து செருகி எழுந்தாள் அவன் மனைவி சாராள், அடுக்களைப் பேரரசி, பொய்யறி பார்வையினாள்.

"என்னங்க, முறுக்கு அச்சு எங்க? நேத்து கழுவி இங்கதான வச்சேன்?"

அச்சு என்ற சொல் அவன் செவியில் அச்சம் என்றே விழுந்தது. கப்பலை முதுகுக்குப் பின் மறைத்தான். பித்தளை வால் காட்டிக்கொடுத்தது. பாய்ந்து வாலைப் பற்றினாள் அவள். சிறகைப் பற்றினான் அவன். கூடத்துச் சோபா நகர்ந்தது. சுவரில் தொங்கிய நட்சத்திரம் ஆடியது. இன்னுயிர் ஈவேன் எஞ்சின் ஈயேன் என்று அவன் மார்தட்ட நினைத்தான், கை ஒழியவில்லை. பசையோ இம்மியும் அசையவில்லை.

"நாப்பது வருஷ ஆசை, சாரா. பிச்சிடாத."

"சர்ச்சே பாட வருது. இதையா நீட்டறது? மாவு வறண்டுபோவுது, எண்ணெ புகையுது."

சிறகை மார்போடு அணைத்துக்கொண்ட கணவனைப் பார்த்து அவள் பிடியைத் தளர்த்தினாள். பகைவனின் கோட்டையை நோட்டமிடும் தளபதியெனக் கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த மூக்கு கழலுமா?"

"கழலும். உள்ள லைட் போடலாம்னு..."

"கழட்டுங்க."

கழற்றினான். குழலின் வாய், சாயம் படாத சொக்கப் பித்தளையாய், உள்ளே மின்னிற்று. மாவு ஏறியது. பசைக்குத் தப்பிப் பிழைத்திருந்த அழுத்துகட்டையைச் சாராள் செலுத்தினாள். அவன் இரு சிறகுகளையும் ஏந்த, பிறந்து இதுவரை அலமாரி கடந்தறியாத அப்பெருங்கலம் கொதிக்கும் எண்ணெய்க் கடலின்மேல் முதன்முறை வட்டமிட்டது; எஞ்சினின் நட்சத்திரத் துளைகள் வழியே வெண்சுடர் சுருள்சுருளாய் இறங்கிப் பொன்னாய்ப் பொரிந்தது; நாற்பதாண்டு தாகம் தீர்ந்தவன் தன்னையறியாமல் தொண்டைக்குள் உறுமத் தொடங்கினான்.

"அது என்ன சத்தம்?"

"எஞ்சின்."

"விண்வெளில சத்தமே கேக்காதுன்னு எப்சிய அந்தத் திட்டு திட்டினீங்க?"

"இது சமையக்கட்டு, சாரா. இங்க காத்து இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள், இன்னும் அழுத்தினாள், அவன் இன்னும் உறுமினான். வானோர் பூமாரி பொழிந்திருக்கலாம். அடுக்களைச் சன்னல் சாத்தியிருந்தது. கிட்டார் முழங்கக் கேரல் சேனை படியேறி வந்து, பாடி, ஜெபித்து, தட்டை நோக்கிக் கைகளை நீட்டியது.

முறுக்கில் உப்பு கம்மி.