சுத்தமான மனிதனும் சிவப்பு மிட்டாயும்

முதலில் தவறு செய்தவன் கார்லிஸ். யார் எப்போது கேட்டாலும் ஹோபர்ட் ஸ்லோன் இதை அடித்துச் சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மார்ட்டின்ஸ்வில் கார் பந்தய மைதானத்தில் பாதிப் பந்தயத்தில் மழை பிடித்துக்கொண்டது. கார்களுக்கு உறை போட்டு மூடிவிட்டார்கள். ஹோபர்ட்டும், அவர் மனைவி வெர்லீனின் தம்பி கார்லிஸும் ஒரே பிளாஸ்டிக் தாளுக்குள் ஒண்டிக்கொண்டு நின்றார்கள்.

"இனிமே இன்னைக்கு ஓடாது மச்சான். நீ வீட்டுக்குப் போ. நான் சும்மா கொஞ்ச நேரம் இருந்து பாக்கறேன்" என்றான் கார்லிஸ்.

ஹோபர்ட் நம்பினார். அதுதான் அவர் செய்த ஒரே தப்பு. ஐம்பது மைல் மழையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, ஈரச் சட்டையோடு டி.வி.யைப் போட்டால், மைதானத்தில் சுள்ளென்று வெயில். கார்கள் பறந்துகொண்டிருந்தன. அன்றைக்கு ஜெயித்தது ஹோபர்ட்டின் உயிரான வேட் ஹல்சி. ஜெயித்தவன் சும்மா இருந்தானா? வேலியில் தொற்றி ஏறி, தன் வலது கையுறையைக் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசினான். அது பறந்து வந்து நேராக ஹோபர்ட்டின் இருக்கையில் விழுந்தது. அந்த இருக்கையில் அப்போது கார்லிஸின் கால்கள் இரண்டும் நீட்டிப் படுத்திருந்தன.

என் டிக்கெட், என் இருக்கை, என் கையுறை. ஹோபர்ட்டின் வாதம் அவ்வளவுதான். எடுத்தவன் கார்லிஸ், கொடுக்காதவனும் கார்லிஸ். கையுறை வரும்வரை அவன் இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கார்லிஸ் நாலே மைல் தூரத்தில் தனியாக இருந்தான். கிறிஸ்துமஸ் சாப்பாட்டை வெர்லீன் தட்டில் மூடி எடுத்துக்கொண்டு போய் அவனுக்குக் கொடுத்துவிட்டு வருவாள். பதினோரு கிறிஸ்துமஸ், பதினோரு தட்டு.

மற்றபடி ஹோபர்ட் யாருக்கும் கெட்டவர் இல்லை. பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். ஒரு கீறல் இல்லை, ஒரு புகார் இல்லை. அறுபத்தாறு வயதிலும் அந்த மஞ்சள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால்தான் அவருக்குத் தான் ஒரு ஆள் என்ற நினைப்பு வரும். முழங்கால் மட்டும் லேசாக மக்கர் செய்யும். டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னதோடு விட்டார். வெர்லீன் நிறுத்தியே விட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, பஸ் ஆபீஸில் ஹோபர்ட்டின் பெயர் குலுக்கலில் விழுந்தது. போதை மருந்துச் சோதனை. ஓட்டுநர்களில் யாரையாவது திடீரென்று கூப்பிட்டு, ஒரு குப்பியைக் கையில் கொடுத்து, 'உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வா' என்பார்கள். ஹோபர்ட் மாப்பிள்ளை மாதிரி உள்ளே போய், மாப்பிள்ளை மாதிரி வெளியே வந்தார்.

"தினமும் கூப்பிடட்டுமே. சுத்தமான மனுஷனுக்கு என்ன பயம்?" என்றார் வெர்லீனிடம்.

"குப்பி நிரம்புச்சா?" என்றாள் வெர்லீன்.

"நிரம்பி வழிஞ்சது."

"இந்த வயசுல அதுவே பெரிய சாதனை" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போனாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் ஹோபர்ட் இந்தப் பக்கம் அவளுடைய தையல் கூடையைத் திறந்தார். உள்ளே ஒரு ஜாடி. ஜாடி நிறைய, சதுரம் சதுரமாக, மேலே வெள்ளையாய்த் தூவிய சிவப்பு மிட்டாய். ஒரு மாதமாக இந்தத் திருட்டு நடந்துகொண்டிருந்தது. எனக்குச் சர்க்கரை கூடாதாம், அவள் மட்டும் ஒளித்து வைத்துச் சாப்பிடுவாளாம்! நியாயம் கேட்கத் தைரியம் இல்லாததால் ஹோபர்ட் தினமும் இரண்டு மிட்டாயாக நியாயத்தை எடுத்துக்கொண்டார். இதில் ஒரு அதிசயம், அவர் முழங்கால் வலியும் கொஞ்ச நாளாகக் குறைந்திருந்தது.

மறுநாள் காலை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வழக்கம்போல் நெஸ்பிட்டின் டயர் கடைக்குப் போனார். நெஸ்பிட்டும், பழைய மரவாடிக்காரர் ஓடெலும் டயர் மேல் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே இரண்டு நாளாகப் பேசிக்கொண்டிருந்ததைத்தான் அவர்களும் பேசினார்கள். வேட் ஹல்சி சோதனையில் மாட்டிக்கொண்டான். பந்தயச் சங்கம் அவனை இடைநீக்கம் செய்துவிட்டது. வருஷத்தின் சாம்பியனை முடிவு செய்யும் பிளே-ஆஃப் பந்தயங்கள் ஆரம்பிக்க ஒரே ஒரு ஞாயிறு பாக்கி.

"பாவம்யா, பொடியன். வசந்த காலத்துலயே ஒண்ணு ஜெயிச்சு பிளே-ஆஃப்ல ஓடற பதினாறு பேர்ல இடம் பிடிச்சு வச்சிருந்தான்" என்றார் நெஸ்பிட்.

"இந்த ஞாயித்துக்கிழமை ஓட்டலைன்னா அந்த இடமும் போச்சு. சங்கம் விலக்குக் கொடுத்தா உண்டு" என்றார் ஓடெல்.

"விலக்கா? எதுக்கு விலக்கு?" ஹோபர்ட் குரலை உயர்த்தினார். "எனக்கு அவன் மேல உயிர்தான். ஆனா ரூல்னா ரூல். மாத்திரை சாப்பிட்டவன் வீட்டுல உக்காரட்டும். நேத்துதான் என்னையும் சோதிச்சாங்க. பயந்தேனா? ஏன் பயப்படலை?"

"உன் குப்பில காப்பியும் கோபமும்தான் இருக்கும்னு ஊருக்கே தெரியுமே" என்றார் ஓடெல்.

"தெரியாம சாப்பிட்டுட்டேன்னு சொல்றானாம்ல?" என்றார் நெஸ்பிட்.

"தெரியாமலா! வாய் யாரோடது? அவனோடது. கை யாரோடது? அவனோடது. தன் வாய்க்குள்ள என்ன போறதுன்னு தெரியாதவன் எல்லாம் ஸ்டீரிங்கைத் தொடலாமா?" ஹோபர்ட் சாசேஜ் வைத்த ரொட்டியை ஒரு கடி கடித்தார். "வாழ்நாள் தடை போடணும்!"

"மாத்திரைகூட இல்லையாம்யா" என்றார் ஓடெல். "மாமியார் வீட்டுக்குப் போயிருக்கான். அந்தம்மா முட்டி வலிக்கு ஏதோ கஞ்சாச் செடில செஞ்ச மிட்டாய் வாங்கி வச்சிருந்திருக்கு. இவன் சாதா மிட்டாய்னு நெனச்சு அள்ளிப் போட்டுக்கிட்டான். என் பொண்டாட்டியும் அதைத்தான் வாங்கறா. செவப்பா, சதுரமா, மேல வெள்ளையா தூவி இருக்கும். ஜாடில பச்சையா ஒரு இலை படம்."

ரொட்டி ஹோபர்ட்டின் தொண்டையில் பாதி வழியில் நின்றது.

"என்னய்யா ஆச்சு? தண்ணி குடி" என்றார் நெஸ்பிட்.

"ஒண்ணுமில்ல." ஹோபர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், சின்னப் பையன்."

"யாரு?"

"ஹல்சிதான். மாமியார் வீட்டுல ஒரு மிட்டாய் எடுத்தது கொலைக் குத்தமா? சங்கத்துக்கு இரக்கம் வேணாமா? விலக்குக் கொடுத்துதான் ஆகணும்!"

இரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள். பந்தயம் பார்க்க ஆரம்பித்து நாற்பது வருஷத்தில் ஹோபர்ட் ஒரு பேச்சை மாற்றி அவர்கள் பார்த்ததில்லை. அதுவும் ஒரே ரொட்டிக்குள்.

வீட்டுக்கு வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தையல் கூடையைத் திறந்தார். ஜாடியில் இலை இருந்தது. பச்சைப்பசேலென்று, ஒரு மரத்துக்கே போதுமான அளவுக்கு இருந்தது.

"என்ன தேடறே, கண்ணு?" வெர்லீன் பின்னால் நின்றாள்.

"ஊசி."

"எதுக்கு?"

"நூல் கோக்க." ஜாடியைத் தூக்கிக் காட்டினார். "வெர்லீன், இந்த ஜாடி... இது என்னது?"

"எழுதியிருக்கே. படி."

"பொடி எழுத்தா இருக்கு."

"கண்ணாடி மூக்கு மேலதானே இருக்கு? சத்தமா படி."

ஹோபர்ட் படித்தார். முழங்கால், மூட்டு, கஞ்சா இனச் செடி, ஒரு நாளைக்கு ஒன்று. அதற்குக் கீழே இன்னும் பொடியாக, போதை மருந்துச் சோதனைக்குப் போகிறவர்கள் சாப்பிடக் கூடாது என்று இருந்தது. படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கி, கடைசி வரியில் காற்று மட்டும் வந்தது.

"ஏன் வேர்க்குது உனக்கு?" என்றாள் வெர்லீன். "ஹோபர்ட் ஸ்லோன், நீ இதை எடுத்தியா?"

"ஒண்ணே ஒண்ணு."

"எத்தனை?"

"தினம் ரெண்டு."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா" என்று சொல்லிவிட்டு ஹோபர்ட் நாற்காலியில் சரிந்தார். பத்தொன்பது வருஷம். திங்கட்கிழமை சோதனை முடிவு வரும். சாவியை வாங்கிக்கொள்வார்கள். அதைவிட மோசம், டயர் கடை. 'தன் வாய்க்குள்ள என்ன போறதுன்னு தெரியாதவன்' என்று ஓடெல் அவர் சாகும்வரை சொல்லிக் காட்டுவார். செத்த பிறகும் கல்லறைக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார்.

"நான் வேணா ஆபீஸுக்கு வந்து சொல்றேன்" என்றாள் வெர்லீன் நிதானமாக. "இது என் ஜாடி, இந்த மனுஷன் படிக்காம திருடித் தின்னுட்டான்னு சொல்றேன். பைபிள் மேல கை வச்சுச் சொல்றேன்."

"சொல்வியா? தங்கம்டீ நீ! சொல்வியா?"

"சொல்றேன். ஞாயித்துக்கிழமை கார்லிஸ் இங்க வந்து பந்தயம் பாக்கட்டும்."

"யாரு?"

"என் தம்பி. பதினோரு வருஷமா தட்டு தூக்கித் தூக்கி என் கை ஓஞ்சுபோச்சு."

"முதல்ல தப்புப் பண்ணினவன் அவன்!"

"சரி. அப்போ திங்கட்கிழமை நீயே போய்ப் பேசிக்க. தெரியாம சாப்பிட்டேன்னு சொல்லு. நம்புவாங்க."

ஹோபர்ட் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். ஜாடியைப் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு வருவான்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கார்லிஸ் வந்தான். வந்தவன் நேராகப் போய் ஹோபர்ட்டின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, நெம்புகோலை இழுத்து, காலை நீட்டினான். அதே கால்கள்.

"கையுறை கொண்டு வந்தியா?" என்று கேட்டார் ஹோபர்ட்.

"அட, அதை இன்னுமா மனசுல வச்சிருக்கே மச்சான்? எங்கயோ இருக்கும். தேடணும்."

வெர்லீன் பன்றி விலா சுட்டு வந்தாள். பெரிய துண்டு கார்லிஸுக்கு. டி.வி.யில் ஹல்சியின் காரை வேறு எவனோ ஓட்டினான். பாதிப் பந்தயத்தில் சங்கத்தின் முடிவை அறிவித்தார்கள். விலக்குக் கிடையாது. ஹல்சிக்கு இந்த வருஷம் பிளே-ஆஃப் இல்லை.

"சரியான முடிவு!" கார்லிஸ் தொடையில் தட்டினான். "ரூல்னா ரூல். தன் வாய்க்குள்ள என்ன போகுதுன்னு தெரியாதவன் வண்டியைத் தொடலாமா? என்ன மச்சான், பேச மாட்டேங்கறே? நீதானே இதையெல்லாம் முதல்ல சொல்ற ஆளு?"

வெர்லீன் ஹோபர்ட்டைப் பார்த்தாள். ஹோபர்ட் தட்டைப் பார்த்தார்.

"பையனுக்கு... ஒரு சந்தர்ப்பம் கொடுத்திருக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து இதைவிட மெல்லிய குரல் இதுவரை வந்ததில்லை. கார்லிஸ் சிரித்து, அவர் தோளில் தட்டி, அவர் தட்டிலிருந்த ரொட்டியையும் எடுத்துக்கொண்டான். ஹோபர்ட் கொடுத்தார். அன்றைக்கு மூத்திரப் பையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்.

திங்கட்கிழமை பத்தே காலுக்கு போன் அடித்தது. ஹோபர்ட் எடுக்கவில்லை, அவர் கை எடுத்தது.

"மிஸ்டர் ஸ்லோன்? பஸ் ஆபீஸ்ல இருந்து பேசறேன். உங்க சோதனை முடிவு வந்திருக்கு. எல்லாம் சுத்தம். ஒண்ணும் இல்ல. சாயங்காலம் வழக்கம்போல வந்துடுங்க."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஏன் சார், ஏதாவது இருந்திருக்கணுமா?"

"இல்லம்மா! இல்ல! ரொம்ப நன்றி! நீ நல்லா இருப்பே!"

போனை வைத்துவிட்டு ஹோபர்ட் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த டயர் இறங்கியது. ஜன்னல் வழியே மேப்பிள் மரம் தெரிந்தது. இப்படி ஒரு அழகான மரம் அங்கே இருந்ததே அவருக்கு இத்தனை நாள் தெரியாது. பஸ் இருக்கிறது. சாவி இருக்கிறது. ஓடெலுக்கு ஒன்றும் தெரியாது. அவர் எழுந்து போய் வெர்லீனைக் கட்டிக்கொண்டார்.

"சுத்தமாம்டீ! என் உடம்பு அப்படி! கஞ்சாவையே செரிச்சுடுச்சு!"

"சுத்தமாத்தான் இருக்கும்" என்றாள் வெர்லீன், பாத்திரம் துடைத்துக்கொண்டே. "அதுல இருந்தது சர்க்கரை போடாத செர்ரி மிட்டாய். நீ தின்னத் தின்ன நானும் வாங்கி நிரப்பிட்டுத்தான் இருந்தேன்."

ஹோபர்ட்டின் கைகள் தாமாகக் கீழே இறங்கின.

"ஜாடில எழுதியிருந்துதே!"

"ஜாடில எழுதியிருக்கறதைப் படின்னு சொன்னேன். படிச்சே. உள்ள இருக்கறது அதுதான்னு நான் எப்ப சொன்னேன்? நாப்பத்தொரு வருஷமா உன்கூட குடித்தனம் பண்றேன். இனிப்பா இருக்கற என் முட்டி வலி மருந்தை உன் கைக்கு எட்டற இடத்துல வைப்பேனா?"

"என் முட்டி வலி போச்சே!"

"போகலை. புலம்பறதுதான் போச்சு. வாய்ல மிட்டாய் இருந்துதுல்ல."

"மூணு நாள் செத்துப் பிழைச்சேன்டீ!"

"மூணு நாளும் வீடு எவ்வளவு அமைதியா இருந்தது தெரியுமா?"

"அப்போ கார்லிஸ் வந்தது? என் நாற்காலில உக்காந்தது? என் கையுறை இன்னும் அவன்கிட்டதான் இருக்கு, தெரியுமா உனக்கு?"

"தேடறேன்னு சொல்லியிருக்கான். பிளே-ஆஃப் பத்து வாரம். வாரா வாரம் வருவான். நீயே கேட்டுக்க."

ஹோபர்ட் வாயைத் திறந்தார். கோபப்படத்தான் பார்த்தார். ஆனால் சாயங்காலம் பஸ் ஓட்டப் போகிற சந்தோஷம் கோபத்தை முன்னேற விடாமல் மறித்துக்கொண்டே ஓடியது.

"அப்போ நிஜ மருந்தை எங்கதான் வச்சிருக்கே?" என்று மட்டும் கேட்டார்.

"வாசப்படிக் கைப்பிடியை நாளைக்கே அடிச்சுடறேன்னு ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு டப்பா ஆணி வாங்கி வந்தியே, அந்த டப்பாவுல" என்றாள் வெர்லீன். "போனா சுத்தியலையும் எடுத்துட்டு வா. ஞாயித்துக்கிழமை கார்லிஸ் படியேறும்போது விழுந்து வச்சிடப் போறான்."