மூன்றடி வேலி

1958 ஐப்பசி முதல் சனிக்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு, வெங்கடபதி வீட்டுப் புழக்கடை வேலி விழுந்தது.

அப்போது அவர் துவைக்கும் கல்லின் முன் நின்றிருந்தார். கையில் மனைவி வரலட்சுமியின் அரக்குச் சேலை, பாதி பிழிந்தபடி. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. ஆடு மேய்கிறது என்று நினைத்தார். திடீரென்று வேலியின் மேல்பாதி சாய்ந்தது. அது இருந்த இடத்தில் காலனி சூபர்வைசர் சென்னியப்பனின் தலைப்பாகையும் தோட்டக்காரனின் அரிவாளும் தெரிந்தன.

வெங்கடபதி சேலையோடு பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்.

"ஏனுங் மேஸ்திரிங்க, இருக்கறீங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"இல்லை" என்றார் வெங்கடபதி.

"சரிங்க. வந்தார்னா சொல்லிப்போடுங்க. கம்பெனி ரூலுங்க. இனிமேப் பொடக்காலி வேலி மூணடிதானுங்க."

அரிவாள் அடுத்த வீட்டு வேலிக்குப் போனது. வெங்கடபதி தவழ்ந்தே வீட்டுக்குள் போனார்.

வெங்கடபதி மில்லில் ரிங் டிபார்ட்மென்ட் மேஸ்திரி. அவருக்குக் கீழே நூற்றெண்பது பேர். அவர் ஒருமுறை செருமினால் போதும், அறுந்த நூலெல்லாம் தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அந்தப் பயத்தைச் சேர்க்க அவருக்குப் பதினாறு வருஷம் ஆயிற்று.

புரட்டாசியில் வரலட்சுமி குழாயடியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆறு மாதம் ஈரத்துணியைத் தொடவே கூடாது என்று கட்டுப் போட்ட வைத்தியர் சொல்லிவிட்டார். சலவைக்குப் போட்ட இரண்டு சேலைகள் கிழிந்து வந்தன. ஆள் வைக்கலாம் என்றால், காலனிப் பெண்கள் எல்லோரும் மில்லில் ரீலிங் வேலைக்குப் போகிறவர்கள். குழாயில் தண்ணீர் வருவது காலை ஆறிலிருந்து எட்டு வரை. மேஸ்திரிக்கு மத்தியான ஷிப்ட். ஆகவே காலையில் அவர் துவைத்தார். வேலி ஆறடி உயரம் இருந்தது, யாருக்கும் தெரியாது.

தெரிந்தால்? பெண்டாட்டி சேலையைப் பிழிகிற கை செருமலுக்குத் துணை நிற்குமா? நூற்றெண்பது பேரும் அன்றைக்கே சிரித்துவிடுவார்கள். சிரித்தவன் மறுபடி பயப்படமாட்டான்.

"எதுக்குங்க இத்தனை வெசனம்? நல்லா வெளிச்சமாத்தான இருக்குது" என்றாள் வரலட்சுமி.

"வெளிச்சந்தான் இப்போ வெசனமே" என்றார் அவர்.

அன்று மத்தியானம் மில் வாசல் பலகையில் இருந்த சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார். புழக்கடை வேலி மூன்றடிக்கு மிகக் கூடாது. சுவர், தட்டி, தகரம், படுதா கூடாது. துணி உலர்த்துவதற்கும் காய்கறி பயிரிடுவதற்கும் தடையில்லை.

கடைசி வரியை மூன்றாம் முறையும் படித்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெட்டியிலிருந்து நான்கு பவானி ஜமுக்காளங்களை எடுத்தார். கயிறு கட்டி வரிசையாக உலர்த்தினார். உலர்த்தத்தானே தடையில்லை. சிவப்பும் பச்சையுமாகத் துவைக்கும் கல்லைச் சுற்றி ஒரு மதில் எழுந்தது. அதற்குப் பின்னால் நின்று ஒரு சேலையை நிம்மதியாகத் துவைத்தார்.

இரண்டாவது சேலைக்கு முன்பே வாசலில் ஆள் அரவம் கேட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தையம்மாள் வெற்றிலைத் தட்டோடு நின்றிருந்தாள்.

"ஏனுங், ஊட்ல விசேஷமுங்களா? சமுக்காளமெல்லாம் வெளிய வந்துருச்சுங்களே!"

"தூசி தட்டினேன்."

"தூசிக்கா நாலு? மறைக்காதீங்க. மாப்பிள்ளை எந்தூருங்க? அந்தியூருங்களா?"

"என்ற பொண்ணுக்கு ஒம்பது வயசு, அம்மணி!"

"அட, இப்பவே பேசி வெச்சுக்கறீங்களா? நல்லதுங்க."

ஒன்பது மணிக்குள் பதினோரு பேர் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் காப்பி கொடுக்க வேண்டியிருந்தது. கை முடியாத வரலட்சுமி முக்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். பதினோரு டம்ளர்களையும் வெங்கடபதிதான் கழுவினார்.

திங்கட்கிழமை சென்னியப்பன் மூன்றடிக் குச்சியோடு வந்தார். ஒரு ஜமுக்காளத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"காஞ்சிருக்குதுங்களே."

"காயத்தான போட்டுருக்குது?"

"ஈரமா இருந்தாத் துணிங்க. காஞ்சப்பறமும் தொங்குச்சுன்னா அது படுதாங்க. படுதா கூடாதுங்க."

"எந்த ரூல்ல அப்படி இருக்குது?"

சென்னியப்பன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்னை வம்புல மாட்டி உடாதீங்க மேஸ்திரிங்க. ரூலு போட்டவீங்க ரொம்பக் கறாருங்க. எனக்கே பயமுங்க."

மானேஜரைத்தான் சொல்கிறார் என்று வெங்கடபதி எடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து, சேலை துவைப்பதற்கு முன்னால் நான்கு ஜமுக்காளங்களையும் நனைக்க வேண்டியதாயிற்று. நனைந்த ஜமுக்காளம் எருமைக்கன்றுபோல் கனக்கும். அதைத் தூக்கிக் கயிற்றில் போடுவதற்குள் மூச்சு வாங்கியது. ஒரு சேலையை மறைக்க நான்கு ஜமுக்காளம் துவைக்கிற மேஸ்திரி, கோயமுத்தூர் ஜில்லாவிலேயே தான் ஒருவன்தான் என்று அவருக்குத் தோன்றியது.

நான்காம் நாள் கயிறு அறுந்தது.

நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக அவர்மீது விழுந்தன. கல்லுக்கும் ஜமுக்காளத்துக்கும் நடுவே உலகம் சிவப்பாகவும் பச்சையாகவும் இருந்தது. கத்தினால் ஆள் வரும், வந்தால் பார்ப்பார்கள். கத்தாமல் இருந்தார்.

யாரோ வேலியைத் தாண்டிக் குதித்தார்கள். ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். வெளிச்சம் வந்தபோது எதிரே நின்றவன் சுப்பையன். குழந்தையம்மாளின் புருஷன். ரிங் டிபார்ட்மென்டில் ஏழாம் நம்பர் மிஷினில் நிற்பவன். வெங்கடபதியின் கழுத்தில் வரலட்சுமியின் மஞ்சள் சேலை மாலையாகச் சுற்றியிருந்தது.

சுப்பையன் சிரிக்கவில்லை. சேலையை மெதுவாகக் கழற்றினான். ஓரத்தை விரித்துப் பார்த்தான்.

"சேலைக்கு ஒண்ணும் ஆகுலீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் வெங்கடபதி தலையைக் குனிந்தபடியே மில்லுக்குள் நுழைந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அவர் போகிற இடத்தில் பேச்சு நின்றது. எல்லோரும் அவருடைய கைகளைப் பார்த்தார்கள். பார்வையில் கேலி இல்லை. ஏதோ ஒரு வன்மம் இருந்தது.

நாலு மணிக்குச் சுப்பையன் பக்கத்தில் வந்தான். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"மேஸ்திரிங்க! சாயம் போற சேலையை உப்புத் தண்ணியில நனைக்கோணுமுங்களா, பச்சைத் தண்ணியிலீங்களா?"

இருபது தலைகள் திரும்பின. வெங்கடபதி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"போய் வேலையைப் பாருடா!"

"சொல்லீட்டுப் போங்க, கோடிப் புண்ணியமாப் போகும்!"

மறுநாள் இன்னொருவன் வந்து, கஞ்சி போடுவதற்கு அரிசி வடித்த தண்ணீர் நல்லதா, மரவள்ளி மாவு நல்லதா என்று கேட்டான். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு கேட்டான். எத்தனை துணிச்சல்! வெங்கடபதி செருமுவதை நிறுத்தினார்.

இனி மிச்சமிருந்தது காய்கறி.

பீர்க்கங்காய் விதை ஊன்றினார். அது பந்தலேறும் வரையில் உட்கார்ந்தபடியே துவைப்பதென்று முடிவு செய்தார். மூன்றடி வேலிக்குப் பின்னால் உட்கார்ந்த மனிதன் தெரியமாட்டான். ஆனால் உட்கார்ந்து அடித்தாலும் சேலை மேலே எழும்பித்தான் கல்லில் விழ வேண்டும். தெருவில் போகிறவர்களுக்கு ஒரு நீலச் சேலை தானாக வானத்துக்கு எழுவதும், தானாகக் கீழே விழுந்து 'தொப்' என்பதும் தெரிந்தது. பெண்கள் குடத்தை இறக்கி வைத்து நின்று பார்த்தார்கள். சிலர் புருஷனையும் கூட்டி வந்து காட்டினார்கள்.

"பேயின்னு நெனைக்கறாங்களோ என்னமோ" என்றார் வெங்கடபதி, முழங்காலைத் தடவிக்கொண்டு.

"நெனைக்கமாட்டாங்க" என்றாள் வரலட்சுமி. "நின்னே தொவைங்களேன். இடுப்புப் புடிச்சுக்கும்."

"நின்னா மானம் போகும்."

"பந்தல் போட்டா இருட்டாப் போயிருமுங்க. எனக்குப் புடிக்கல."

"இருட்டுக்குத்தான் பந்தலே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மணிக்கட்டு வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மார்கழியில் பீர்க்கங்கொடி பந்தலை மூடியது. மூடியதோடு நிற்காமல் நான்கு பக்கமும் தரை வரைக்கும் தொங்கியது. உள்ளே ஒரு பச்சை அறை. சென்னியப்பன் குச்சியோடு மூன்று தடவை சுற்றி வந்தார். வேலியை அளந்தார், மூன்றடி. கொடியைப் பார்த்தார், காய்கறி. தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெங்கடபதி எழுந்து நின்று துவைத்தார். ஓங்கி அடித்தார். இருபது நாள் மனிதனாக வாழ்ந்தார். மில்லில் ஒருமுறை செருமிக்கூடப் பார்த்தார். பாதிப் பேர் திரும்பினார்கள். அது போதும், மீதி மெல்ல வரும்.

ஆனால் கொடி காய்த்தது. வஞ்சனையில்லாமல் காய்த்தது. காலனி முழுக்கப் பீர்க்கங்காய்க் கூட்டு மணந்தது. பொங்கலுக்குச் சிறந்த காய்கறித் தோட்டத்துக்குப் பரிசு என்று கம்பெனி அறிவித்தபோது வெங்கடபதி பேர் கொடுக்கவில்லை. யாரோ கொடுத்துவிட்டார்கள்.

"ஞாயித்துக்கெழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பாக்க வாராங்க" என்றார் சென்னியப்பன். அவர் கண் வெங்கடபதியைப் பார்க்காமல் பீர்க்கங்காயைப் பார்த்தது.

நாலு மணிக்குக் குழாயில் தண்ணீரும் வராது, கல்லில் சேலையும் இருக்காது. வெங்கடபதி சம்மதித்தார்.

அவர்கள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தார்கள்.

வெங்கடபதி அப்போது வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, முழங்கை வரைக்கும் சோப்பு நுரையோடு, அதே அரக்குச் சேலையைத் தலைக்கு மேல் ஓங்கியிருந்தார். வெளியே பல காலடிகள் கேட்டன. மானேஜரின் குரல் கேட்டது. அவருடைய மனைவியின் குரலும் கேட்டது: "எவ்வளவு அடர்த்தியா வந்திருக்கு!"

"வெளிய நின்னா ஒண்ணுந் தெரியாதுங்கம்மா. உள்ளதான் எல்லாமே இருக்குது" என்றது குழந்தையம்மாளின் குரல்.

கொடித்திரை இரண்டாகப் பிரிந்தது.

மானேஜர். மானேஜரின் மனைவி. சென்னியப்பன். அவர்களுக்குப் பின்னால் காலனி. ரிங் டிபார்ட்மென்டில் பாதிப் பேர், அவர்களுடைய வீட்டுப் பெண்களோடு. வெங்கடபதி ஓங்கிய சேலையை இறக்க மறந்தார். தண்ணீர் அவர் தலைமேல் சொட்டியது.

ஒரு சிரிப்புக்காகக் காத்திருந்தார். முதல் சிரிப்பு வந்துவிட்டால் பதினாறு வருஷமும் அதோடு போய்விடும். பிறகு காத்திருக்க வேண்டியதில்லை.

சிரிப்பு வரவில்லை. ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெண்கள் அவரவர் புருஷனைத் திரும்பிப் பார்த்தார்கள். சுப்பையனின் விலாவில் குழந்தையம்மாளின் முழங்கை இடித்தது. மானேஜரின் மனைவி மானேஜரைப் பார்த்தாள். மானேஜர் பந்தலில் காய் எண்ணத் தொடங்கினார்.

வெங்கடபதி சேலையைக் கல்லில் எறிந்தார்.

"போதுமுங்க! எல்லாரும் பாத்துப்போட்டீங்கல்ல? நாளைக்கே நான் ராஜினாமாக் குடுத்துடறேன். மில்லும் வேண்டாம், இந்தக் காலனியும் வேண்டாம். பெருந்துறைப் பக்கம் போய் எருமை மேய்க்கறேன். போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த மூணடி ரூலைப் போட்ட பாவி எவன்?"

எல்லோரும் மானேஜரைப் பார்த்தார்கள்.

"நான் கையெழுத்துதான் போட்டேன்" என்றார் மானேஜர் அவசரமாக. அவர் மனைவி தொண்டையைக் கனைத்தாள். அவர் மறுபடியும் காய்களிடம் போனார்.

சென்னியப்பன் குச்சியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார். வரலட்சுமி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். சேலை முந்தானை மட்டும் தெரிந்தது.

குழந்தையம்மாள் கொடியைக் கையிலிருந்து விட்டாள். அவளுக்கு நிஜமாகவே திகைப்பாக இருந்தது.

"ஏனுங் மேஸ்திரிங்க, நீங்க தொவைக்கறதை வேலிச் சந்துல நாங்க மட்டும் பாத்தாப் பத்தாது, எங்க ஊட்டு ஆம்பளைங்களும் பாத்துக் கத்துக்கோணும்னு காலனிப் பொம்பளைங்க அத்தனை பேரும் மனுக் குடுத்து வாங்குன ரூலுங்க அது, மனுவுல மொதப் பேரே வரலட்சுமியக்காவுதுதானுங்க, உங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களா?"