மூத்தவளின் கொலுசு

கிறிஸ்தவனாக இருப்பது சுலபம். எந்தக் கிறிஸ்தவன் என்று சொல்வதற்குள்தான் சட்டை நனைந்துவிடும்.

திருத்தணியில் எனக்கு அந்தத் தொல்லை இருந்ததில்லை. தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த என்னை, ஊரே ‘வேதக்காரப் பையன்’ என்று ஒரே பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தது. லுத்தரனா, ஆர்.சி.யா, பெந்தெகொஸ்தேயா என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் வருமா வராதா, அவ்வளவுதான் அவர்கள் கவலை. பொட்டலம் பிரிந்தது அரக்கோணத்தில்.

கிருபா அங்கிருந்து தினமும் ரயிலேறி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்த வருவாள். கேள்வித்தாள் நகலெடுக்க என் கடைக்கு வந்தவள், இரண்டு வருஷம் கழித்து, “எங்கப்பாகிட்ட வந்து பேசுங்க” என்றாள். அப்பா தேவசகாயம், ரயில்வே கார்டு. ஊர்ப்பட்ட ரயிலுக்கெல்லாம் பச்சைக்கொடி காட்டியவர், என்னைக் கண்டதும் சிவப்பைத் தேடினார்.

“தம்பி ரட்சிக்கப்பட்டுட்டீங்களா?”

“ஆங்... ஆயிடுச்சிங்க.”

“எந்தத் தேதி?”

(இதற்குத் தேதி வேறு இருக்கிறதா?)

“மூணு மாசக் கொழந்தையா இருக்கசொல்ல, எங்க லுத்தரன் கோயில்ல தண்ணி தெளிச்சாங்க.”

“தெளிக்கிறதுக்கு நீங்க என்னா கீரைப்பாத்தியா? ஞானஸ்நானம்னா முழுக்கு தம்பி. தலை முங்கணும்.”

கதவுக்குப் பின்னால் கிருபா சிரித்தாள். அவள் அம்மா இரக்கப்பட்டு மிக்சர் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

“ஞாயித்துக்கிழம எங்க சபைக்கு வாங்க. அப்பறம் பேசிக்கலாம்.”

போனேன். எங்கள் கோயிலில் எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்பது வரை புத்தகத்தில் அச்சடித்திருக்கும். பாவ அறிக்கைகூட ‘நாங்கள்’ என்று கூட்டமாகத்தான். அதில் என் பங்கு என்ன என்று யாரும் கேட்டதில்லை. இங்கே புத்தகமே இல்லை. ஓர் ஆட்டோக்காரர் எழுந்து சாட்சி சொன்னார். குடித்தது, சாக்கடையில் விழுந்தது, மனைவியின் கொலுசை விற்றது, கடைசியில் கர்த்தர் தூக்கி எடுத்தது. சபை அழுதது, நானும் அழுதேன். கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் பாஸ்டர் மைக்கை நீட்டினார்.

“திருத்தணியிலேர்ந்து வந்திருக்கிற தம்பி சாட்சி சொல்லுவாரு. கர்த்தர் உங்கள எதுலேர்ந்து விடுவிச்சாரு தம்பி?”

என் பாவங்களை அவசரமாகத் துழாவினேன். பிரசங்கத்தில் தூங்கியது ஒன்று. கிருத்திகைக்குக் கிருத்திகை டீக்கடை முனுசாமி மலையிலிருந்து கொண்டுவரும் பொங்கலை வழித்துத் தின்றது இன்னொன்று. (அதை அங்கே சொன்னால் பெண் இல்லை. சொல்லாமல் விட்டால் சாட்சி இல்லை.) வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த ஒரே தொழில் நகலெடுப்பது. எடுத்துவிட்டேன்.

“நான்... குடிப்பேன்.”

“அல்லேலூயா!”

அந்தச் சத்தம் இருக்கிறதே, அதுதான் நான் குடித்த முதல் போதை.

“காலையிலயே குடிப்பேன்!”

“அல்லேலூயா!”

“குடிச்சிட்டு நந்தியாத்துப் பாலத்துக்கு அடியில உருண்டு கெடப்பேன்!”

“ஸ்தோத்திரம்!”

“என் பொண்டாட்டி கொலுச வித்துக் குடிச்சேன்!”

கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவரின் விரல் ஒரே கட்டையில் நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்த எஸ்தர் அம்மா கேட்டார்: “இன்னாது, பொண்டாட்டியா?”

தேவசகாயம் என் கையைப் பிடித்து ஸ்டேஷன் வரை கூட்டிக்கொண்டு போனார். ரயில் வந்ததும், “ஏறுங்க. இனிமே இந்தப் பக்கம் எறங்காதீங்க” என்றார். கிருபாவின் போன் அன்றே அணைந்தது. அவள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டாள்.

நாலாம் நாள் அவரே என் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றார். நான் ஷட்டரைப் பாதி இறக்கி, மிஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“இந்த ஜெராக்ஸ் கடைக்காரர் குடிப்பாருங்களா?”

“யாரு, ஜெயசீலனா?” என்றான் முனுசாமி. “இருமல் டானிக் ஒரு மூடி குடிச்சிட்டு, தலை சுத்துதுன்னு கடைய சாத்தினு போனவன் சார் அவன்.”

“அவர் சம்சாரம்...?”

“சம்சாரமா! பொம்பளைங்க வந்தா மிஷினைப் பாத்துதான் சார் பேசுவான். அவனுக்கு எவன் சார் பொண்ணு குடுப்பான்?”

ஷட்டர் தூக்கப்பட்டது.

“வெளிய வாய்யா. குடிச்சிட்டு குடிக்கலன்னு சொன்னவனுங்கள நெறய பாத்துட்டேன். குடிக்காமலே குடிச்சேன்னு சொன்ன மொத ஆளு நீதான். எதுக்குய்யா?”

“எல்லாரும் அல்லேலூயா சொன்னாங்க மாமா. நிறுத்த முடியல.”

மீசைக்குள் ஏதோ அசைந்தது. “வர்ற ஞாயித்துக்கிழம அதே மைக்ல உண்மைய சொல்லு. அப்பறம் முழுக்கு எடு. பொண்ணு உனக்குத்தான்.”

‘சரி’ என்று சொல்ல வாய் திறந்தேன். வேறு ஏதோ வந்தது.

“மைக்ல சொல்றேன் மாமா. முழுக்கு வேணாம். பொண்ணுக்காக முங்கினா அதுவும் ஜெராக்ஸ்தான். எனக்கா தோணுற அன்னிக்கி, நானே வந்து முங்கறேன்.” (வீர வசனம்தான். சொல்லும்போது விழாமல் இருக்க ஷட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.)

அவர் ஒரு டீயை முழுசாகக் குடித்து முடித்தார். எனக்கு அது ஒரு குளம் வற்றுகிற நேரம்.

“இப்பதான்யா ஒண்ணு ஒரிஜினலா சொல்லிக்கீற” என்றார்.

அந்த ஞாயிறு மைக்கைப் பிடித்தேன். “நான் குடிச்சதில்ல. எனக்குப் பொண்டாட்டியே கெடையாது. பயத்துல பொய் சொல்லிட்டேன். கர்த்தர் என்னைய அதுலேர்ந்துதான் விடுவிக்கணும்.” சபை திகைத்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு அல்லேலூயா மட்டும், சன்னமாக. கிருபாவின் குரல்.

கல்யாணம் எங்கள் லுத்தரன் கோயிலில் நடந்தது. விருந்துக்கு முன் ஜெபம் அரக்கோணம் பாஸ்டர். பிரியாணி ஆறும் வரை ஜெபித்தார். பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மாமா, “தேதி?” என்பார். “வெயிட்டிங் லிஸ்ட்ல கீது மாமா” என்பேன்.

எல்லாம் சுபம், எஸ்தர் அம்மாவைத் தவிர. அந்த இரண்டாவது ஞாயிறு அவர் தன் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். பாதிக் கதைதான் அவரிடம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் என் வாயருகே மோந்து பார்த்து, “விட்டது விட்டதுதானே?” என்பார். பிறகு தாழ்ந்த குரலில், “அந்த மொத பொண்ணு எப்டிப்பா கீது?” நாங்கள் உண்மையைச் சொல்லாமல் இல்லை. சொன்னால், “சாட்சிய மறுதலிக்காத” என்று அதட்டுகிறார். முனுசாமியிடம் சொன்னபோது, “எங்க மலைச் சாமிக்கே ரெண்டு பேரு. திருத்தணிக்காரன் நீ, உனக்கென்னடா கூச்சம்?” என்றான்.

போன மாதம் எஸ்தர் அம்மா ஒரு பொட்டலத்தை என் கையில் அழுத்தினார். உள்ளே ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு.

“நான் ரட்சிக்கப்பட்ட அன்னிக்கி கழட்டினது. பொட்டியில சும்மாதான் கெடக்குது. அந்தப் பொண்ணாண்ட குடுத்துடு. உன் பாரம் எறங்கட்டும்.”

நான் கிருபாவைப் பார்த்தேன். அவள், “குடுத்துடுவாரும்மா” என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். அழுகையா சிரிப்பா, இன்றுவரை சொல்லவில்லை.

அது இப்போது எங்கள் பீரோவில் இருக்கிறது. கிருபா நகை போடமாட்டாள், அவள் சபையில் அது வழக்கமில்லை. என் மகள் ஒருநாள் எடுத்துக் காலில் மாட்டிப் பார்த்தாள்.

“கழட்டுடி,” என்றாள் கிருபா. “அது உங்க பெரியம்மாவோடது.”