கேட்காத பெண்ணுக்கு மூன்று மறுப்பு

நான் என் கண்ணின் மேல் வைத்துப் போற்றும் அக்கா மெஹ்பாரேவுக்கு,

ஷேக்கியிலிருந்து தங்கை சனுபர் எழுதுவது. நீயும் அத்தானும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும், பாக்கூவின் காற்று உங்கள் ஜன்னலை மட்டுமாவது விட்டுவைக்க வேண்டும். அப்பா நலம். நானும் நலம் என்றுதான் எழுத நினைத்தேன், ஆனால் இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகச் சர்க்கரைக் கட்டி டப்பாவைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் ஒளித்து வைத்தவள் எந்த அளவுக்கு நலம் என்பதை நீயே சொல். தொலைபேசி அப்பாவின் கட்டில் அருகே இருப்பதால் கடிதம்.

மூன்று வாரங்களாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் நீர்வாரியத்தில் வேலை பார்க்கும் முர்சல், மனைவி இறந்து ஆறேழு வருடம் ஆகிறது. இன்னொருவர் அவருடைய அத்தை ஸெர்கலம். வருகிறார்கள், உட்காருகிறார்கள், தேநீர் குடிக்கிறார்கள், இந்த வருஷம் வாதுமைக் காய்ப்பு எப்படி என்று கேட்கிறார்கள், போகிறார்கள். எதற்கு வந்தார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. கேட்கலாமே என்று அப்பாவிடம் சொன்னால், "வீட்டுக்கு வந்தவங்ககிட்ட எதுக்கு வந்தீங்கன்னு கேக்கறதா? அதுக்குக் கதவைத் தொறக்காமலே இருந்திருக்கலாம்" என்கிறார். நம் வாதுமைத் தோப்பை விலை பேச வந்திருக்கிறார்கள், வெட்கப்படுகிறார்கள் என்பது அவர் கணக்கு. ஆனால் அக்கா, அந்த அம்மாள் திரைச்சீலையைப் பார்க்கிறாள், தட்டின் விளிம்பைப் பார்க்கிறாள், என் கையைப் பார்க்கிறாள். தோப்பு வாங்க வந்தவள் என் கையை எதற்குப் பார்க்க வேண்டும்?

உன்னைப் பெண் கேட்டு வந்த அன்று கசப்புத் தேநீரை வைத்துவிட்டு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததும், கடைசியில் அம்மா சர்க்கரைக் கிண்ணத்தோடு உள்ளே வந்ததும், நான் கதவிடுக்கிலிருந்து "சம்மதிச்சாச்சு!" என்று கத்தி அடி வாங்கியதும் உனக்கு மறந்திருக்காது. இப்போது நான் என்ன செய்ய? இவர்கள் பெண் கேட்க வந்தவர்களாக இருந்தால் சர்க்கரை வைக்கக் கூடாது, வைத்தால் சரி என்று அர்த்தம். வெறும் விருந்தாளிகளாக இருந்தால் சர்க்கரை வைக்காதது அவமானம். அதனால் முதல் வாரம் அத்திப்பழ ஜாமை வைத்தேன். ஜாமும் இனிப்புத்தானே, அது எந்தப் பக்கம் சேரும் என்று உன் மாமியாரிடம் விசாரித்து எழுது. இரண்டாம் வாரம் பயந்து ஜாமையும் எடுத்துவிட்டேன்.

இன்று அப்பா சமையலறைக்கே வந்துவிட்டார். "சர்க்கரை எங்கம்மா?"

"தீந்துபோச்சுப்பா."

"மூணு வாரமாவா? பாவம், அந்தம்மா மருந்து குடிக்கிற மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு குடிக்குது. என் மானமே போகுது!"

காரணத்தை அவரிடம் எப்படிச் சொல்வது? நாற்பத்து நான்கு வயதில், என்னைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று நானே சொல்லி, அது இல்லை என்று ஆகிவிட்டால்? உண்மையைச் சொன்னால், அவர்கள் அதற்காகத்தான் வந்திருப்பார்களோ என்று பயந்தேனா, அதற்காக வரவில்லையோ என்று பயந்தேனா என்பது எனக்கே குழப்பமாக இருந்தது. தட்டோடு உள்ளே போனால், முர்சல் சுவரருகே நின்றுகொண்டிருக்கிறார். பள்ளிப் பாடத்துக்காக நான் மாட்டி வைத்திருக்கும் பெரிய வரைபடத்தின் மூலை கழன்று, காஸ்பியன் கடல் ஒரு மாதமாகத் தரையை நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. விருந்தாளி எழுந்து வீட்டு வேலை செய்யலாமா? அவர் பாட்டுக்கு ஆணியைத் தேடி எடுத்து, கடலைத் தூக்கிக் குத்திவிட்டு, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்துவிட்டார். நான் தேநீரைத் தட்டில் சிந்தினேன்.

நம் ஊரில் பேச வேண்டியதெல்லாம் செருப்பு மாட்டிய பிறகுதானே பேசுவோம். இன்றும் அப்படித்தான். வாசலில் நின்றுகொண்டு அந்த அம்மாள் வெடித்துவிட்டாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. பஜார்ல பாத்தப்போ 'ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரணும், நெறைய பேசணும்'னு கூப்பிட்டது நீங்க. கூப்பிட்டவர் பேசட்டும்னு நாங்களும் மூணு வாரமா காத்துக்கிட்டிருக்கோம். நீங்க வாதுமையத் தவிர ஒண்ணும் பேசல. சரி, போகட்டும். ஆனா நாங்க இன்னும் பொண்ணே கேக்கல! அதுக்குள்ள மூணு தடவ வேணாம்னு சொல்லிட்டீங்களே, இது எந்த ஊரு மரியாதை?"

"நானா கூப்பிட்டேன்? என்னது, பொண்ணா?" என்று அப்பா ஆரம்பித்தார். அக்கா, அவர் பஜாரில் எல்லோரையும்தான் கூப்பிடுவார், தபால்காரரிலிருந்து ஆட்டுக்காரர் வரை. ஆனால் சும்மா ஒப்புக்குக் கூப்பிட்டேன் என்று விருந்தாளி முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியுமா? மார்பை நிமிர்த்திக்கொண்டு, "ஆமா தங்கச்சி, ஒரு விஷயம் இருக்கு. அதை அடுத்த ஞாயிறுதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டார்.

அத்தை படி இறங்கினாள். முர்சல் மட்டும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார், "டீச்சர், எனக்குக் கசப்புத் தேநீர் பழக்கந்தான். நீங்க அதுக்காக வருத்தப்படாதீங்க." இது ஆறுதலா, கேள்வியா, விடைபெறுதலா? ஒன்றும் விளங்காமல் கதவைச் சாத்த மறந்து நின்றேன்.

இப்போது அப்பா கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார். "அந்த விஷயம் என்னன்னு நீயே ஏதாச்சும் யோசிச்சுச் சொல்லும்மா, படிச்சவதானே நீ!" என்கிறார். உன்னால்தான் ஆகும். அத்தானோடு சனிக்கிழமையே கிளம்பி வா. அவர்களை எதற்குக் கூப்பிட்டோம் என்பதற்குக் கௌரவமான ஒரு காரணத்தையும் கையோடு கொண்டு வா. தோப்பைத் தவிர எதுவானாலும் சரி.

உன் தேநீர்ச் சமோவார் ஆறாமல் இருக்கட்டும், வருகிறவர்கள் காரணத்தோடு வரட்டும். குழந்தைகளின் கன்னங்களுக்கு என் முத்தங்கள்.

அன்புத் தங்கை,
சனுபர்

பின்குறிப்பு, இரவில் எழுதுவது: நீ வர வேண்டாம். காரணமும் தேட வேண்டாம். நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது, கோபத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அப்பா தன் சட்டைகளை இயந்திரத்தில் போட்டு ஓட்டிவிட்டார். உள்ளே இருந்த டப்பா திறந்துகொண்டு சர்க்கரை முழுவதும் கரைந்துவிட்டது, சட்டைகள் காய்ந்து அட்டை மாதிரி நிற்கின்றன. நாளை பள்ளி விட்டு வரும்போது புதிதாக ஒரு கிலோ வாங்கப் போகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை உனக்கும் தெரியாது. கேட்காததை மூன்று முறை மறுத்த வீடு, கேட்காததற்கு ஒரு முறை சம்மதித்தால் என்ன? ஞாயிற்றுக்கிழமை சர்க்கரைக் கிண்ணத்தை நானே உள்ளே எடுத்துக்கொண்டு போவேன்.