பதினைந்தாவது பிள்ளை

"பதினாலுதான் இருக்கு பாபநாசம். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள இன்னொரு பிள்ளையைக் கொண்டாரும். இல்லேன்னா வரலாறு குரூப்பை மூடணும்னு உத்தரவு" என்றார் தலைமையாசிரியர் பாக்கியசீலன்.

"மூடினா நான்?"

"நீரு உபரி. மாஞ்சோலையில ஒரு இடம் காலியா இருக்காம். மேல வரைக்கும் பஸ் போகுது."

பாபநாசம் பேசவில்லை. அவர் பேசவில்லை என்றால் பேச்சு முடிந்தது என்று பொருளல்ல. இருபது வருடமாக வரலாற்று ஆசிரியர். ஆசிரியர் சங்கத்தின் வட்டச் செயலாளரும்கூட. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே அவர் விடுகிற மௌனத்தில் ஓர் உலை கொதித்து அடங்கும். முடிந்துவிட்டது என்று நம்பி எழுந்தவர்கள் மறுபடி உட்கார வேண்டியிருக்கும்.

மலைக் குளிர் அவருக்குப் பெரிதல்ல. மகள் அனுராதாதான் கவலை. இப்போதுதான் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள். இந்த இரண்டு வருடமும் அப்பா பக்கத்தில் இல்லாவிட்டால் பிள்ளை என்ன ஆகும்? சாயங்காலம் அவள் இயற்பியல் புத்தகத்தைத் திறந்ததும், கல்வியை மத்திய அரசும் மாநில அரசும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற கதையை யார் எடுத்துச் சொல்வார்கள்? டிவி செய்தியில் எது பாதிப் பொய், எது முழுப் பொய் என்று யார் பிரித்துக் காட்டுவார்கள்?

வீட்டில் மனைவி பிரம்மநாயகி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மாஞ்சோலையா? அங்கன போனா வாராவாரம் வரலாமோ?"

"மாசம் ஒருக்கத்தான்."

பிரம்மநாயகி கீரையைக் கீழே வைத்தாள். "பிள்ளை சேக்க யார் யாரைப் பாக்கப் போறிய? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

பாபநாசம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வீடாகச் சொன்னார். இத்தனை வருட இல்லறத்தில் அவள் அவரை மேலும் பேசச் சொன்னது இதுதான் முதல் தடவை.

முதலில் பேட்டைக்குப் போனார். அங்கே பட்டறை வைத்திருந்த செந்தூர்பாண்டி, அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். மகன் சிவகணேஷ் இன்னும் எங்கும் சேரவில்லை.

"வாரும் வே. வருவீருன்னு தெரியும்."

"பையனை வரலாறுல சேரும். நாளைக்கே கலெக்டர் ஆகலாம்."

"உம்ம மக எந்த குரூப்பு?"

"முதல் குரூப்பு."

"ஏன், அவ கலெக்டராக வேண்டாமா?"

பாபநாசம் பதிலை மனதுக்குள் அடுக்கினார். போன மாதம் சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசியிருந்தார். பிள்ளைகளை எல்லாம் டாக்டராக்கத் துடிப்பது பெற்றோரைப் பிடித்த நோய், அரசின் கல்விக் கொள்கை மாறினால்தான் அது குணமாகும் என்றார். கைதட்டல் ஓய நேரமாயிற்று. முதல் குரூப்புக்கு விண்ணப்பம் கொடுக்கிற நாள் வந்தபோது வரிசையில் முதலில் நின்றவரும் அவர்தான். இதில் முரண்பாடு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. கொள்கை மாறும் வரை பிள்ளையைப் பத்தாம் வகுப்பிலேயே உட்கார வைக்க முடியுமா? இதை விளக்க அவர் வாயைத் திறந்தபோது செந்தூர்பாண்டி இரும்பு அறுக்கப் போய்விட்டிருந்தார்.

அடுத்து, டவுனில் கோரைப்பாய்க் கடை வைத்திருந்த முகம்மது இப்ராஹிம். அவர் மகள் சபீதா. இந்தமுறை பாபநாசம் முந்திக்கொண்டார்.

"எம்மக அனுராதாவும் வரலாறுதான் அண்ணாச்சி."

"அப்படியா சார்வாள்! உங்க பிள்ளையே சேருதுன்னா அதுல விஷயம் இருக்கும். சபீதாவை நாளைக்கே கூட்டிட்டு வாரேன்."

சொன்னபடியே வந்தார். ஆனால் விண்ணப்பத்தில் முதல் குரூப் என்று இருந்தது.

"விசாரிச்சேன் சார்வாள். உங்க பிள்ளை மேல உங்களுக்கு இருக்கிற அக்கறை எம்பிள்ளை மேல எனக்கு இருக்க வேண்டாமா?"

அதைக் கேட்டுக்கொண்டு பின்னால் நின்ற ஒருவர், ஏற்கெனவே வரலாற்றில் சேர்த்திருந்த தன் மகனையும் கையோடு முதல் குரூப்புக்கு மாற்றிக்கொண்டு போனார்.

"பதிமூணு" என்றார் பாக்கியசீலன். "நீரு சும்மா வீட்டுல இருந்திருந்தா பதினாலாச்சும் இருந்திருக்கும்."

"வரலாறுல சேருத பிள்ளைகளுக்கு தினமும் சாயங்காலம் எங்க வீட்டுல இலவச வகுப்புன்னு எழுதிப் போட்டா என்ன சார்?"

"பைய பேசும் வே! அது தெரிஞ்சா இந்தப் பதிமூணும் ஓடிரும்."

வியாழன் சாயங்காலம் வேறு வழியில்லாமல் மகளிடமே போனார். அவள் மாறினால் சபீதாவும் மாறுவாள் என்று கணக்கு.

"ஏட்டி, நீ வரலாறுக்கு மாறிக்கிடுதியா?"

"பிள்ளைக விருப்பப்பட்டதைத்தான் படிக்கணும்னு நீங்கதானப்பா சொல்லுவிய?"

"ஆமா."

"எனக்கு டாக்டருக்குப் படிக்கத்தான் விருப்பம்."

தோற்றதில் அவருக்கு வருத்தமில்லை. பெருமையாகத்தான் இருந்தது. தான் வளர்த்த பிள்ளை அல்லவா! இப்படிப்பட்ட பிள்ளையை விட்டுவிட்டு எப்படி மலையேறுவது?

மீதி இருந்தது இசக்கியம்மா வீடு மட்டும்தான். பத்தாவது தேறிய இரட்டைப் பெண்கள், பிரேமலதாவும் ஹேமலதாவும். இன்னும் எங்கும் சேரவில்லை. சரியாக இரண்டு பேர்! வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு சைக்கிளை மிதித்துக்கொண்டு கருப்பந்துறைக்குப் போனார். இசக்கியம்மா வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் நடந்து போனவர் ஒரு கால் வழுக்கி, முழங்கால் வரை சேற்றில் நின்றார். பொய், கலெக்டர், கொள்கை எதுவும் வாயில் வரவில்லை.

"இசக்கியம்மா, உள்ளதைச் சொல்லிருதேன். உன் பிள்ளைக ரெண்டும் வரலாறுல சேரலேன்னா என்னை மாஞ்சோலைக்கு மாத்திருவாவ. நான் இல்லாம எம்மக படிப்பு என்னாகும்னு நெனச்சா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்கு. எம்பொஞ்சாதி பாவம், ஒத்தையில என்ன செய்வா?"

இசக்கியம்மா கையில் நாற்றுமுடியோடு நிமிர்ந்து, அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னய்யா இப்படிச் சொல்லுதிய? உங்க வீட்டு அம்மாதான முந்தாநாளு வந்து, 'எம்மக டாக்டர் ஆகணும்னா இவிய ரெண்டு வருசம் மலையிலதான் இருக்கணும், உம்பிள்ளைகளை வரலாறுல மட்டும் சேத்துராத தாயி'ன்னு, ஒவ்வொரு வீடா ஏறி எறங்கிக் கையப் பிடிச்சுக் கேட்டுட்டுப் போனாவ!"