எல்லோரும் விழுந்த மாமரம்

பாரிஸில் தமிழர் உதைபந்தாட்டத்துக்கு டிரெக்டர் அளவுக்குப் பாடுபட்டவரும் இல்லை, அதன் விதிகளை அவர் அளவுக்கு மீறியவரும் இல்லை. அவருடைய சொந்தப் பெயர் அவருடைய வதிவிட அட்டைக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் விளையாட்டுப் பொறுப்பாளர் என்பதால் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பல் முழுவதற்கும் அவர் டிரெக்டர். வாரத்தில் ஆறு நாள் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவார். அங்கேயும் கழுத்தில் விசில் தொங்கும். மரக்கறிக் கடை வரிசையில் இடையில் புகுந்தவர்களுக்கு மஞ்சள் அட்டை காட்டுவார். ஒருமுறை மெத்ரோவில் டிக்கெட் பரிசோதகருக்கும் காட்டி, தண்டம் கட்டிவிட்டு வந்தார்.

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் ஆண்டுதோறும் புறநகரான லா கூர்னெவில் மைதானமொன்றில் மோதுவோம். அந்தந்தக் கல்லூரியில் படித்தவர்தான் ஆடலாம் என்பது விதி. ஆனால் சான்றிதழ் கேட்க முடியாது. பாதிப்பேருக்கு வீடே மிஞ்சவில்லை, சான்றிதழ் எங்கே மிஞ்சும்? ஆகவே எதிரணிச் செயலாளர் புதியவர்களைத் தனித்தனியே கூப்பிட்டுப் பள்ளிக்கூட ஞாபகங்களை விசாரிப்பார். அவருக்குத் திருப்தியென்றால் ஆடலாம்.

எங்கள் அசல் பழைய மாணவர்களுக்கு வயிறு முன்தள்ளி வண்டி வைத்து நெடுநாளாகிவிட்டது. அதனால் டிரெக்டர் ஞாயிறு காலைகளில் மெத்ரோ வாசலில் நின்று, ஆட்கள் படியிறங்கும் அழகைப் பார்த்து அணி சேர்ப்பார். இரண்டிரண்டு படியாய்ப் பாய்கிறவன் முன்வரிசைக்கு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து வருகிறவன் கோலுக்கு.

ஊரில் சண்டை முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்த சேந்தன் மூன்று படியாய்ப் பாய்ந்து இறங்கியபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

“எந்தப் பள்ளிக்கூடம் தம்பி?” என்று டிரெக்டர் கேட்டார்.

“ஒன்பது பள்ளிக்கூடம் அண்ணை. இடம்பெயர இடம்பெயர ஒவ்வொண்டு. கடைசி ரெண்டும் மரத்துக்குக் கீழை.”

“அப்ப பத்தாவது எங்கடை,” என்றார் டிரெக்டர்.

அன்றைக்கே உணவகத்தின் பின்னறையில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் வகுப்பு ஆரம்பமாயிற்று. அகதி வழக்கு விசாரணைக்கு ஆளைத் தயார்செய்கிற அதே முறைதான். பள்ளிக்கூடத்தில் சும்மா மரத்தால் விழுந்தேன் என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள். எந்த மரம், எத்தனையாம் கொப்பு, எந்த முழங்கால் என்று சொல்லவேண்டும் என்பார். அவர் கொடுத்த விபரம்: ஆய்வுகூடத்துக்குப் பின்னால் மாமரம், மூன்றாம் கொப்பு, இடது முழங்கால்.

விபரம் நன்றாகத்தான் இருந்தது. ஒரே வருடத்தில் மூன்று பேருக்குக் கொடுத்ததுதான் பிசகு. முதலாமவன் மூன்றாம் கொப்பிலிருந்து விழுந்தான். இரண்டாமவனும் விழுந்தான். சேந்தன் இடது முழங்காலைத் தடவத் தொடங்கியதுமே எதிரணிச் செயலாளர் குறிப்புக் கொப்பியை மூடிவிட்டார்.

விசாரணைக் குழு கூடியது. எங்கள் சங்கத் தலைவர், எதிரணிச் செயலாளர், எங்கள் சங்கச் செயலாளராகிய நான். டிரெக்டரின் தலைமைத்துவம் தகுதியானதா என்று நாங்கள் தீர்ப்பளிக்கவேண்டும். தகுதியில்லையென்றால் பதவி போகும், மைதானத்துக்குள்ளும் கால்வைக்க முடியாது. அவருக்கு அதைவிட்டால் வேறு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். நானும் அந்த மாமரத்திலிருந்து விழுந்தவன்தான். நான் படித்தது இரண்டு வகுப்பறையுள்ள சின்னப் பள்ளிக்கூடம். பாரிஸுக்கு வந்த புதிதில், ஒருவரையும் தெரியாமல், கைப்பிடியைப் பிடித்து அந்தப் படியில் இறங்கிவந்தேன். டிரெக்டர் அதே விபரத்தைத் தந்து கோலுக்குள் நிறுத்தினார். வேலையும் நண்பர்களும் அந்தக் கோலுக்குள் நின்றபடியேதான் கிடைத்தார்கள். பிறகு செயலாளரும் ஆனேன்.

“வேறை ஆரும் இப்பிடி வந்தவையோ?” என்று எதிரணிச் செயலாளர் கேட்டார்.

டிரெக்டர் என் பக்கம் திரும்பவேயில்லை.

“இந்த மூண்டு பேரும்தான். பிழை என்ரை.”

விசிலைக் கழற்றி மேசையில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து, தன் முகத்துக்கு நேரே தானே பிடித்துக் காட்டிவிட்டு வெளியேறினார். ‘ஆள்சேர்ப்பில் முறைகேடு, தலைமைத்துவம் தகுதியற்றது’ என்று நல்ல தமிழில் அறிக்கை எழுதிக் கையெழுத்து வைத்தவன் நான். அவருடைய பதவியையும் என்னிடமே தந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து மரக்கறிக் கடையில் கண்டபோது, ஏன் அண்ணை என்னைச் சொல்லவில்லை என்று கேட்டேன். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“நல்ல கோல்கீப்பர் கிடைக்கிறது கஷ்டமடா.”

பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்தியைச் சங்கத்தார் படிப்பார்கள். என்னை நீக்குவார்கள், நீக்கட்டும். உண்மையில் எந்த மரத்திலிருந்தும் விழாதவனுக்கு இத்தனை வருடம் இடம் கிடைத்ததே பெரிய காரியம்.

அண்ணை, உங்கள் விசில் என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்காத மைதானம் எனக்குப் பிடிக்கவில்லை.